ஒற்றை எண் போதாது

ஐயா,

பனிப்புயல் எச்சரிக்கை பிசகியது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான தலையங்கம், வானிலை ஆய்வாளர்களின் கவனக்குறைவே அதற்குக் காரணம் என்ற தொனியில் அமைந்திருந்தது வருத்தமளிக்கிறது. குளிர்காலத்தில் நிலத்தைவிட வெதுவெதுப்பாக இருக்கும் கடலிலிருந்து காற்று வீசினால், பனியாக விழ வேண்டியது மழையாகிவிடும். புயல் மையத்தின் பாதை சில பத்து கிலோமீட்டர் விலகினாலே, மழைக்கும் பனிக்கும் இடைப்பட்ட எல்லைக்கோடு ஒரு நகரத்தையே தாண்டிப் போய்விடும். ஓர் அங்குல மழைக்குரிய நீர் ஏறத்தாழ 10 அங்குலப் பனியாகக் குவியும் என்பதால், நீரளவில் நேரும் சிறு பிழையும் தரையில் பெரிதாகவே தெரியும். 2015 ஜனவரியில் நியூயார்க் நகருக்கு 2 முதல் 3 அடி வரை பனி பெய்யக்கூடும் என்று எச்சரிக்கப்பட்டது. அந்நகரின் சென்ட்ரல் பார்க் பூங்காவில் பதிவானதோ 10 அங்குலத்துக்கும் குறைவு. அதே புயல், கிழக்கே லாங் ஐலண்டின் சில பகுதிகளில் 2 அடிக்கு மேல் கொட்டித் தீர்த்தது.

கரையோரத்தில் வசிக்கும் நான், வாசலில் மழைக்குக் குடை விரித்துக் கிளம்பி, சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் பணியிடத்தில் கார்களின் கூரைமீது கெட்டியாகப் பனி படிந்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இரண்டு இடங்களுக்கும் ஒரே எண்ணை அறிவிப்பது மக்களுக்கு உதவாது. எனவே, தங்கள் வானிலைப் பகுதியில் எதிர்பார்க்கப்படும் பனியளவுடன், பெய்ய வாய்ப்புள்ள குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளையும், கரைக்கும் உள்நாட்டுக்கும் தனித்தனியே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்