சரிகை முன்பக்கம் மட்டும்தான்

அன்புள்ள சண்முகம்,

நீ அனுப்பிய நாலு குரல் பதிவையும் கேட்டுவிட்டேன். மொத்தம் பதினோரு நிமிடம், அதில் மூன்று குக்கர் விசில். எனக்கு இப்படிப் பேசி அனுப்புவதெல்லாம் இன்னும் கைவரவில்லை, இரண்டு வாக்கியம் பேசினால் இருமல் வேறு வந்துவிடுகிறது, அதனால் எழுதியே அனுப்புகிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படி. முழங்காலுக்கு இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள் என்றாயே, அதில் யார் உன்னை நடக்கச் சொல்லிப் பார்த்தாரோ அவர் பேச்சைக் கேள். ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்தவரை விட்டுத்தள்ளு.

இங்கே விஜயாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. முடிந்ததிலிருந்து வீட்டில் உள்ள தூசியெல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிகிறது, அதுதான் எனக்கு வந்த வினை. போன ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏற்றிவிட்டாள். அங்கே என்ன கிடைத்தது என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் படம்.

நீ பார்க்கச் சொன்ன பிரெஞ்சு ‘த்ரீ மஸ்கட்டியர்ஸ்’ இரண்டு பாகத்தையும் பார்த்தேன். 2023இல் ஏப்ரலில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று விட்டிருக்கிறார்கள். காசைக் கொட்டி எடுத்திருக்கிறார்கள், சண்டைகளை வெட்டாமல் நீளமாக எடுத்திருக்கிறார்கள், ஈவா கிரீன் வந்து நின்றாலே போதும், மிலேடி என்ற பாத்திரத்துக்கு வேறு யாரையும் யோசிக்கத் தோன்றவில்லை, எல்லாம் சரி. ஆனால் சண்முகம், அந்தப் படத்தில் எல்லாமே ஏன் சேற்று நிறத்தில் இருக்கிறது? பகலா ராத்திரியா என்றே சில இடத்தில் தெரியவில்லை. அதைவிட முக்கியம், ஒருத்தனும் மனசு விட்டுச் சிரிப்பதில்லை. பிரெஞ்சு நாவலாசிரியர் டூமா எழுதிய அந்த நாலு பேரும், ராஜாவின் படைவீரர்கள் மூன்று பேரும் கூடச் சேர்கிற பையன் டார்டாக்னனும், சாவுக்குப் போகும்போதுகூட யார் சாப்பாட்டுக்குக் காசு கொடுப்பது என்று சண்டை போடுகிற ஆட்கள். இவர்கள் என்னவோ நாலு பேரும் சேர்ந்து ஏதோ துக்க வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பது மாதிரி இருக்கிறார்கள்.

அதில் அந்த மூன்று பேரில் ஒருவனான ஆத்தோஸாக வருகிறாரே வின்சென்ட் கசெல், அவருடைய அப்பா ஜான் பியேர் கசெல்தான் 1973இல் ஆங்கிலத்தில் வந்த ‘த்ரீ மஸ்கட்டியர்ஸ்’ படத்தில் பதின்மூன்றாம் லூயி ராஜா, தெரியுமா உனக்கு? அந்த ஆங்கிலப் படத்தில் அப்பாவுக்குக் குரல் கொடுத்தது வேறொரு நடிகர், ரிச்சர்ட் பிரையர்ஸ். இது ஞாபகம் வந்ததும் சும்மா இருக்க முடியவில்லை, பேரன் லேப்டாப்பை வாங்கி அந்தப் பழைய படத்தையும் அதன் அடுத்த பாகத்தையும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்து முடித்தேன்.

ரிச்சர்ட் லெஸ்டர் எடுத்தது. படப்பிடிப்பு முழுக்க ஸ்பெயினில், பாரிஸ் என்று காட்டுவதெல்லாம் அந்த ஊர்க் கோட்டைகளும் அரண்மனைகளும்தான். மைக்கேல் யார்க், ஆலிவர் ரீட், ராக்கெல் வெல்ஷ், ஃபே டனவே, கார்டினல் ரிஷெலியுவாக சார்ல்டன் ஹெஸ்டன், ஒற்றைக் கண்ணில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு கார்டினலின் கையாள் ரோஷ்ஃபோராக கிறிஸ்டோபர் லீ. (நாவலில் ரோஷ்ஃபோருக்குக் கன்னத்தில் தழும்பு மட்டும்தான், கண் இரண்டும் நன்றாகவே இருக்கும். லீ கட்டிய அந்தத் துணிதான் பிறகு வந்த சில படங்களிலும் ஒட்டிக்கொண்டது.) திரைக்கதை ஜார்ஜ் மெக்டொனால்ட் ஃப்ரேஸர், ரெண்டாம் உலகப்போரில் பர்மாவில் சிப்பாயாக நின்றவர், பசியும் பயமும் எப்படி இருக்கும் என்று புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லாத மனிதர்.

அந்தப் படத்தில் வாள்சண்டை எப்படி இருக்கும் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? 1948இல் ஜீன் கெல்லி நடித்து ஒன்று வந்ததே, அதில் சண்டையெல்லாம் நாட்டியம் மாதிரி, அதுவும் ஒரு அழகுதான், ஆனால் அவர் நெற்றியில் வேர்வை வந்து நான் பார்க்கவில்லை. லெஸ்டர் படத்தில் மூச்சு வாங்குகிறது. வில்லியம் ஹாப்ஸ் என்று ஒரு வாத்தியார்தான் சண்டைகளை அமைத்தது. கையில் வாள் இருக்கிறது என்பதற்காக அதை மட்டுமே வைத்துச் சண்டை போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, காலால் உதைக்கிறார்கள், மேலங்கியைக் கையில் சுற்றிக்கொண்டு தடுக்கிறார்கள், வழுக்கி விழுகிறார்கள். துணி வெளுக்கும் கூடத்தில் ஒரு சண்டை வருகிறது பார், ஈரத்துணியை எடுத்து முறுக்கி எதிரி முகத்தில் அடிக்கிறார்கள், அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு நம் ஆற்றங்கரைப் படித்துறைதான் ஞாபகம் வந்தது. ராத்திரியில் டார்டாக்னனும் ரோஷ்ஃபோரும் ஆளுக்கொரு கையில் லாந்தர் வைத்துக்கொண்டு போடுகிற சண்டை இன்னொன்று. விளக்கைக் காட்டினால் எதிரிக்கு நான் தெரிவேன், மறைத்தால் எனக்கு அவன் தெரிய மாட்டான்: வசனமே இல்லாமல் இந்தச் சிக்கலை அப்படியே உட்காரவைத்துப் பார்க்க வைத்துவிடுகிறார். ரெண்டாவது பாகத்தில் உறைந்த ஏரி மேல் ஒரு சண்டை, அதில் எவனுக்கும் நேராக நிற்கவே வரவில்லை. ஆலிவர் ரீட் வீசுகிற வீச்சு வாள் வீசுகிற மாதிரியே இல்லை, விறகு பிளக்கிற மாதிரி இருக்கும். காற்றாலைச் சண்டையில் அவருக்கே தொண்டையில் குத்துப்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம்.

ஆனால் நான் இதை உனக்கு இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தது சண்டைக்காக இல்லை. ஒரு சத்திரத்துக் காட்சிக்காக. கையில் தம்பிடி இல்லை, நாலு பேருக்கும் பசி. என்ன செய்கிறார்கள்? சத்திரத்துக்குள் தங்களுக்குள்ளேயே பொய்ச்சண்டை ஒன்றைக் கிளப்பிவிட்டு, ஜனங்கள் அரண்டுபோய் ஒதுங்குகிற நேரத்தில் மேஜையில் இருக்கிற சாப்பாட்டையும் ஒயினையும் சுருட்டிக்கொண்டு போகிறார்கள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது எனக்கு. விஜயா எழுந்து வந்து தண்ணீர் கொடுத்துவிட்டு, ‘என்ன, மேன்ஷன் ஞாபகமா’ என்று கேட்டாள். எப்படித்தான் கண்டுபிடிக்கிறாளோ.

மாசக்கடைசியில் திருவல்லிக்கேணி மெஸ்ஸில் ஒரு டோக்கனை வைத்துக்கொண்டு நாம் இரண்டு பேர் சாப்பிட்டது, நீ முன்வாசலில் கணக்குப்பிள்ளையிடம் போன மாசப் பாக்கியைப் பற்றிச் சத்தமாகத் தகராறு செய்ய நான் உள்ளே இரண்டாம் தடவை சாம்பார் சாதம் வாங்கியது. அப்போது நமக்கு இந்தப் படமே தெரியாது. நாவல் தெரியும், அதுவும் ஆங்கிலச் சுருக்கம் வழியாக.

அந்த நாவலே காசில்லாதவர்களின் கதைதான் என்று இப்போது தோன்றுகிறது. முதல் அத்தியாயத்திலேயே மஞ்சள் குதிரை, பதினைந்து எக்கூ பணம். விற்காதே என்று அப்பா சொல்லிக் கொடுத்த குதிரையை டார்டாக்னன் பாரிஸுக்குள் நுழையும்போதே மூன்று எக்கூவுக்குத் தள்ளிவிடுகிறான். ராஜா கொடுத்த 40 பிஸ்தோல் தங்கக் காசை நாலு பேரும் பங்கு போட்டுக்கொண்ட பிறகு, தன் பங்கை என்ன செய்யலாம் என்று டார்டாக்னன் யோசனை கேட்கிறான், நல்ல சாப்பாடு சாப்பிடு என்கிறான் ஆத்தோஸ், வேலைக்காரன் வைத்துக்கொள் என்கிறான் போர்த்தோஸ், காதலி தேடிக்கொள் என்கிறான் அராமிஸ். மூன்று பேரின் குணமும் அந்த மூன்று பதிலில் முடிந்துவிட்டது. லா ரோஷெல் யுத்தத்துக்குக் கிளம்பும்போது குதிரை, ஆயுதம் எல்லாம் அவரவர் காசில் வாங்க வேண்டும் என்றதும் ஆளாளுக்கு அலைகிறார்களே, அதில் போர்த்தோஸ் அந்த வக்கீல் வீட்டுக்கு விருந்துக்குப் போகிற இடம்! தண்ணீர் மாதிரி ஒரு சூப், அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மிதக்கிற ரொட்டித் துண்டு, பிறகு கிழட்டுக் கோழி ஒன்று. நாம் தமிழில் செய்தபோது பக்கம் போதாது என்று அந்த அத்தியாயத்தைப் பதிப்பக முதலாளி வெட்டச் சொன்னார், நானும் வெட்டினேன். இன்று வரைக்கும் மனசு ஆறவில்லை. (டூமாஸ் என்று அட்டையில் அச்சடித்தோம், டார்டாக்னன் என்று போட்டோம். தார்த்தாஞான் என்று சொல்ல வேண்டுமாம், பேரன் சொன்னான். எனக்கு அவன் இனிமேலும் டார்டாக்னன்தான்.)

அந்த முதலாளியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1986இல் ஒரே புத்தகம் என்று பேசி எனக்கு 600 ரூபாய், உன் 24 படத்துக்கு 480. கடைசியில் பார்த்தால் இரண்டு பாகம், இரண்டு அட்டை, இரண்டு விலை, உன் படங்களைப் பாகத்துக்குப் பன்னிரண்டாகப் பிரித்துப் போட்டுக்கொண்டார். கேட்கப் போன நமக்கு ஆளுக்கொரு காபியும் டைரியும் கொடுத்து அனுப்பினார். அதுவும் முந்தின வருஷத்து டைரி.

இதே கதை அந்தப் படத்துக்கும் நடந்திருக்கிறது! நம்பவே மாட்டாய். இடைவேளை விட்டு ஒரே நீளப் படம் என்று சொல்லித்தான் நடிகர்களை வைத்து எடுத்தார்கள். தயாரிப்பாளர்கள் சால்கைண்ட் அப்பாவும் பிள்ளையும் அதை நடுவில் அறுத்து இரண்டாக்கி, 1973இல் ஒன்று, 1974இல் ‘ஃபோர் மஸ்கட்டியர்ஸ்’ என்று ஒன்று வெளியிட்டார்கள். சம்பளம் கொடுத்ததென்னவோ ஒரு படத்துக்கு. நடிகர்கள் சும்மா விடவில்லை, வழக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகு அமெரிக்க நடிகர் சங்கத்து ஒப்பந்தங்களில் எத்தனை படத்துக்காக நடிக்கிறோம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் காட்ட வேண்டும் என்று ஒரு ஷரத்தே வந்துவிட்டது. சால்கைண்ட் ஷரத்து என்றே அதற்குப் பெயர். நமக்கும் ஒரு ஷரத்து வந்திருக்கலாம், டைரிதான் வந்தது.

சரி, டூமா மட்டும் ஒழுங்கா? 1844இல் ‘லெ சியெக்ல்’ பத்திரிகையில் இந்தக் கதை தொடராக வந்தபோது கூடவே உட்கார்ந்து உழைத்தவர் ஒகுஸ்த் மாக்கே என்ற வரலாற்று வாத்தியார். பெயர் போட்டது டூமா மட்டும். பிற்பாடு மாக்கே கோர்ட்டுக்குப் போனார், பணத்தில் பங்கு கிடைத்தது, புத்தகத்தில் பெயர் கிடைக்கவில்லை. டூமாவுக்கு எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் இவ்வளவு என்று கூலி என்பதால், ஒற்றைச் சொல்லில் பதில் பேசுகிற க்ரிமோ என்ற வேலைக்காரனைக் கதைக்குள் விட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். ஒரு சொல், ஒரு வரி, ஒரு கூலி. பொய்யோ நிஜமோ, அந்த ஆள் செய்யக்கூடியவர்தான். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. மாக்கே மேல் பாவமாக இருக்கிறது, டூமா மேல் கோபமும் வரவில்லை, இது என்ன நியாயம் என்று கேட்டால் பதில் இல்லை என்னிடம். அந்த மனிதர் நமக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறார் பார், டார்டாக்னன் வரிசையின் கடைசிக் கதையில் வருகிற இரும்பு முகமூடிதானே நம் ஊரில் ‘உத்தம புத்திரன்’, 1940இல் சின்னப்பா, 1958இல் சிவாஜி.

லெஸ்டர் படத்தில் எனக்குக் குறையே இல்லை என்று நினைக்காதே. ரெண்டாவது பாகம் திடீரென்று இருட்டாகிவிடுகிறது, சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சாகத் தொடங்குகிறார்கள், ஒரே படமாக இருந்திருந்தால் அந்த இறக்கம் இன்னும் பொருந்தியிருக்கும். நாவலில் ரோஷ்ஃபோர் சாகவே மாட்டான், டார்டாக்னனுக்குச் சிநேகிதனாகிவிடுவான். படத்தில் அவனைத் தேவாலயத்துக்குள் வைத்துக் கொன்றுவிடுகிறார்கள். கொன்றுவிட்டு, 1989இல் மூன்றாவது படம் எடுத்தபோது அதே கிறிஸ்டோபர் லீயை அதே ரோஷ்ஃபோராக மறுபடியும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த மூன்றாவது படத்தை நான் பார்ப்பதில்லை. வேலைக்காரன் ப்ளான்ஷேயாக நடித்த ராய் கினியர் 1988இல் அதன் படப்பிடிப்பில் டொலேடோவில் குதிரையிலிருந்து விழுந்து மறுநாள் இறந்துபோனார். முதல் படத்தில் எஜமானர்கள் பின்னால் மூச்சிரைக்க ஓடிவருவாரே, அவர்தான். அந்தப் படத்தில் பாதிச் சிரிப்பு அவரிடமும், பின்னால் மூட்டை தூக்கிக்கொண்டு முணுமுணுக்கிற அந்த வேலைக்காரர்களிடமும்தான் இருக்கிறது.

அப்புறம் கார்த்தி விஷயம். அவன் டப்பிங் பேசப் போகிற தொடருக்கு ஒப்பந்தம் வந்திருக்கிறது, பார்த்துச் சொல் என்றாய். எனக்குச் சட்டம் தெரியாது. ஒன்று மட்டும் பார்க்கச் சொல், எத்தனை பாகம், எத்தனை எபிசோட் என்று எண்ணிக்கை எழுத்தில் இருக்கிறதா என்று. ‘அதெல்லாம் நம்ம ஆளு தம்பி’ என்று சொன்னார்கள் என்றாயே, அப்படிச் சொன்னால் எழுந்து வந்துவிடச் சொல். காபி கொடுத்தாலும் சரி.

இப்போது பரண். நம் புத்தகம் கிடைத்தது, முதல் பாகம் மட்டும். அட்டை போய்விட்டது, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது, உன் படங்கள் தப்பித்துவிட்டன. அதில் டார்டாக்னன் ஓடிப்போய் போர்த்தோஸின் மேலங்கிக்குள் சிக்கிக்கொள்கிற இடத்துக்கு ஒரு படம் போட்டிருக்கிறாய். கதை உனக்கு ஞாபகம் இருக்கும்: போர்த்தோஸ் தோளில் குறுக்காகப் போட்டிருக்கிற வாள்பட்டைக்கு முன்பக்கம் மட்டும்தான் தங்கச் சரிகை, முழுசாக வாங்கக் காசில்லை, பின்பக்கம் வெறும் தோல், அதை மறைக்கத்தான் ஜலதோஷம் என்று சொல்லி மேலங்கியைப் போர்த்திக்கொண்டிருக்கிறான். நீ பின்பக்கமும் சரிகை போட்டு வைத்திருக்கிறாய்! கோடு கோடாக, எவ்வளவு பொறுமையாக. நான் அப்போது கவனிக்கவில்லை, மெய்ப்பு பார்த்தவன் நான்தான், முதலாளியும் கவனிக்கவில்லை, படித்த குழந்தைகள் ஒருத்தர்கூட எழுதிக் கேட்கவில்லை. போட்டோ எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன், பார். விஜயாவிடம் காட்டினேன். புதுக்கண்ணால் உற்றுப் பார்த்துவிட்டு, ‘போகட்டும், சண்முகம் அண்ணனாவது அந்த ஆளுக்கு முழுசாச் செஞ்சு போட்டாரே’ என்கிறாள்.

மாவடு இந்த வருஷமும் போட்டிருக்கிறாள், தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். போன தடவை அனுப்பிய ஜாடியைத் திருப்பி அனுப்பு, அது அவள் அம்மா வீட்டு ஜாடி, தினமும் கேட்கிறாள்.

அன்புடன்,
ராமு