லிப்ட் உள்ள ஏழைகளுக்குச் சலுகை இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளை, பாகம் பாகமாக வார்த்த கான்கிரீட்டைப் பொருத்திக் கட்டி, 2022 மே மாதம் திறந்தார்கள். ஒன்றரை வருடத்துக்குள் முடிந்த வேலை. நான் சித்தாளாகக் கலவைச் சட்டி சுமந்தவள்; அந்த வேகத்தைக் குறை சொல்ல மாட்டேன். கட்டி முடித்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது வேறொரு குடியிருப்பு. ஆற்றங்கரையிலிருந்து கொண்டுவந்து வைத்தார்கள். எட்டு மாடி, குலுக்கலில் எங்களுக்கு ஏழாவது விழுந்தது. குடிவந்த பிறகு என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையால் வலது காலை எடுத்துவிட்டார்கள். பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கீழ்த்தளத்தில் முன்னுரிமை உண்டு. எங்கள் கட்டடம் அதற்கு முந்தையது. கீழே மாற்றித் தரச் சொல்லி மூன்று மனு கொடுத்தாயிற்று.

போன ஐப்பசியில் லிப்ட் பதினோரு நாள் ஓடவில்லை. புண்ணுக்குக் கட்டு மாற்ற, அவரை பிளாஸ்டிக் நாற்காலியோடு நாலு பையன்கள் தூக்கி இறக்கினார்கள். திரும்ப ஏற்றும்போது ஐந்தாவது மாடியில் ஒருவன் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். பாவம், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை.

கேட்டால், பராமரிப்புப் பணம் பாக்கி என்றார்கள். பாக்கி வைத்த வீடுகள் உண்டு, மறைக்கவில்லை. அதற்குக் காரணமும் உண்டு: எங்கள் வேலை ஊருக்குள்ளேயே இருக்கிறது, நாங்கள் மட்டும்தான் இங்கே வந்திருக்கிறோம்.

2023இல் அடுக்குமாடிகளில் மோட்டார், படிக்கட்டு விளக்கு போன்ற பொது உபயோக மின்சாரக் கட்டணத்தை யூனிட்டுக்கு 8 ரூபாய் 15 காசிலிருந்து 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். யாருக்கு? பத்து வீடு, மூன்று மாடிக்கு மேற்படாத, லிப்ட் இல்லாத கட்டடங்களுக்கு. என்ன கணக்கோ!

எங்கள் மொட்டை மாடி வெயில் வடாம் காயவைப்பதோடு சரி. அங்கே சோலார் தகடு போட்டால் லிப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்குச் செலவில் ஒரு பங்காவது குறையும். அப்புறம், 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில் நாங்கள் கட்டுவதற்கு ஈடாக அரசும் பணம் போடுகிறது. அந்த வரவு செலவையும், லிப்ட் பழுதான தேதியையும், சரிசெய்த தேதியையும் மாதாமாதம் வாசலில் ஒட்டட்டும். குடியிருப்போர் சங்கப் பொறுப்பில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். கணக்கு கண்ணில் பட்டால் பாக்கிக்காரர்களும் கட்டுவார்கள். பத்து வருடம் சீட்டு நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன்.

அவருக்கு அடுத்த கட்டு வியாழக்கிழமை. லிப்ட் இன்றைக்கு ஓடுகிறது.

இப்படிக்கு,
ஏழாவது மாடி வாசகி,
சென்னை
(பெயர் வெளியிட வேண்டாம்)