விமான வைஃபையில் போலிச் சான்றிதழ்: புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்

பொருள்: விமான வைஃபை இணைப்பில் காட்டப்பட்ட போலிப் பாதுகாப்புச் சான்றிதழ் தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

உங்கள் விமானத்தில் வைஃபைக்குக் கட்டணம் செலுத்தி இணைந்த பிறகு மின்னஞ்சலைத் திறந்தேன். 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல' என்ற எச்சரிக்கை திரையை மறைத்தது. தளம் உண்மையானதுதான் என்று நம்பகமான நிறுவனம் ஒன்று உறுதிசெய்து தரும் மின்னணுச் சான்றிதழைத் திறந்து பார்த்தேன். தளத்தின் பெயர் சரியாகவே இருந்தது. வழங்கியவர் என்ற இடத்தில் மட்டும் உங்களுக்கு இணையச் சேவை தரும் நிறுவனத்தின் பெயர்! பணிப்பெண்ணிடம் காட்டியபோது, இருக்கைப் பையிலிருந்த அட்டையை எடுத்துக் கொடுத்தார். "பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் 'தொடர்க' என்பதை அழுத்தவும்" என்று அதில் அச்சிட்டே வைத்திருக்கிறீர்கள். அவர்மேல் எனக்குக் குறையில்லை. அந்த வரியை எழுதியவர்கள் மேல்தான் இந்தப் புகார்.

உள்நுழைவுப் பக்கம் வருமுன் எச்சரிக்கை வருவது பொது வைஃபைகளில் சகஜம். பயணி திறக்கப்போன தளத்தை வழிமறித்து வேறு பக்கத்தைக் காட்டுவதால் பெயர் பொருந்தாமல் போகிறது. அதுவும் இன்று தேவையில்லை. 2020இல் வெளியான ஆர்எஃப்சி 8910 என்ற இணையத் தரநிலையின்படி, உள்நுழைவுக்கு எங்கே போக வேண்டும் என்பதை நெட்வொர்க்கே கருவிக்குச் சொல்லிவிடலாம். ஆனால் பணம் கட்டி உள்ளே வந்த பிறகும் இன்னொருவர் பெயரில் சான்றிதழ் நீட்டுவது ஆள்மாறாட்டம். நான் 'தொடர்க' அழுத்தியிருந்தால் என் கடவுச்சொல்லை நடுவிலிருக்கும் உங்கள் சர்வர் அப்படியே படித்திருக்க முடியும். வங்கித் தளத்தில் அந்தப் பொத்தானே வரவில்லை. எச்எஸ்டிஎஸ் (பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே திறக்க வேண்டும் என்று தளமே பிரவுசருக்கு இடும் கட்டளை) உள்ள தளங்களுக்கு பிரவுசர் அந்த வழியை அடைத்துவிடும். அதற்கு உங்கள் சாட் உதவியாளர் சொன்ன பதில், "வேறு பிரவுசரில் முயன்று பாருங்கள்." பூட்டு திறக்கவில்லை என்றால் ஜன்னலை உடைக்கச் சொல்வது போலிருக்கிறது இது.

2015 ஜனவரியில் அமெரிக்காவின் கோகோ விமான வைஃபை இதே போல யூடியூபுக்குப் போலிச் சான்றிதழ் காட்டியதை, கூகுள் குரோம் பொறியாளர் ஒருவர் பயணத்தின்போதே கண்டு வெளியிட்டார். வீடியோவைக் கட்டுப்படுத்தத்தான் என்று அந்நிறுவனம் விளக்கியது. உங்கள் காரணமும் அதுவென்றால், வீடியோ தளங்களை நேரடியாக முடக்குங்கள். அதற்கு யாருடைய மின்னஞ்சலையும் பிரிக்க வேண்டியதில்லை.

அட்டையிலுள்ள அந்த வரியை உடனே நீக்குங்கள். எந்தெந்தத் தளங்களுக்கு இப்படிச் சான்றிதழ் தயாரிக்கப்பட்டது, பயணிகளின் தரவு எதுவும் சேமிக்கப்பட்டதா என்பதற்கு எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். எச்சரிக்கையை மீறி அழுத்திய பயணிகளுக்குக் கடவுச்சொல்லை மாற்றும்படி நீங்களே தெரிவிக்க வேண்டும். என் வைஃபை கட்டணத்தையும் திருப்பித் தரக் கோருகிறேன். சான்றிதழின் திரைப்பிடிப்பும் அட்டையின் படமும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் பயணி