மைதான ஓரத்துப் பெண்கள்

டாலஸ்,
அக்டோபர் 12.

அன்புள்ள ராஜேஸ்வரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளியின் சியர்லீடிங் குழுவில், அதாவது ஆட்டத்தின்போது கூட்டத்தைக் கோஷமிட வைத்து அணிக்கு உற்சாகமூட்டும் குழுவில், சேர்ந்துவிட்டாள் என்று நான் எழுதியதற்கு, "பையன்கள் பந்தாடுவார்கள், இவள் ஓரத்தில் நின்று குஞ்சம் ஆட்டுவாளா?" என்று கேட்டிருக்கிறாய். பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து, வீட்டாரிடம் மன்றாடி அனுமதி வாங்கிக் கோகோவுக்கும் கபடிக்கும் பிள்ளைகளைத் திரட்டிய உனக்கு அந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் வியப்பு. போதாக்குறைக்கு, 2008இல் ஐ.பி.எல். தொடங்கியபோது எல்லைக் கோட்டுக்கு வெளியே மேடை போட்டு ஆடிய வெளிநாட்டுப் பெண்களே நம்மூரில் இந்தச் சொல்லுக்கு அடையாளமாகிவிட்டார்கள். அது சம்பளத்துக்குச் செய்யும் தொழில். பதினைந்து வயதுப் பிள்ளைகள் இங்கே செய்வதற்கும் அதற்கும் உள்ள உறவு சற்றுத் தூரத்து உறவுதான்.

முதலில் உனக்குச் சிரிப்பு வரக்கூடிய செய்தி ஒன்று: இது ஆண்கள் தொடங்கிய கலை. 1898 நவம்பர் 2ஆம் நாள், தோல்வியால் துவண்டிருந்த மினசோட்டா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணிக்காக ஜானி கேம்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன் வந்து நின்று, எல்லோரையும் ஒரே குரலில் கோஷமிட வைத்தார். அதைத்தான் இதன் பிறந்த நாளாகச் சொல்கிறார்கள். பின்னாளில் அமெரிக்க அதிபர்களானவர்களிலும் சிலர் இதைச் செய்தவர்கள்: முழங்கால் காயத்தால் ஆட்டத்தைக் கைவிட்ட ஐசனோவர் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் சியர்லீடராக இருந்தார். ரீகனும் இருந்தார், இளைய புஷ் தம் பள்ளியில் அந்தக் குழுவுக்கே தலைவர். இரண்டாம் உலகப் போருக்கு இளைஞர்கள் போன பிறகுதான் கல்லூரிகளில் இந்த இடம் பெரும்பாலும் பெண்களுடையதாயிற்று. ஆண்கள் செய்தவரைக்கும் தலைமைப் பண்பு என்று மெச்சப்பட்டது, பெண்கள் கைக்கு வந்ததும் அலங்காரமாகிவிட்டது. இதில் புதுமை ஒன்றும் இல்லை, உனக்கும் எனக்கும் தெரிந்த கதைதான்.

எங்கள் டாலஸுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. இங்குள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் படித்த லாரன்ஸ் ஹெர்கிமர் என்பவர் 1948இல் ஹன்ட்ஸ்வில் நகரில் முதல் பயிற்சி முகாமை நடத்தினார். அதற்கு 52 பெண்களும் ஒரே ஒரு பையனும் வந்தார்களாம். பிறகு அதையே ஒரு பெருந்தொழிலாக வளர்த்தார், கைப்பிடி வைத்த குஞ்சத்துக்குக் காப்புரிமையும் வாங்கினார். இன்றைக்குச் சீருடை, காலணி, முகாம் என்று பெற்றோரின் பணம் கரைவதற்கு விதை போட்டவர் அவர்தான் என்று என் மருமகன் கட்டண ரசீதைப் பார்க்கும்போதெல்லாம் முணுமுணுக்கிறார்.

ஆனால் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இது ஏன் இத்தனை பெரிதாகிறது என்று யோசித்தால், ஆட்டத்தையும் குஞ்சத்தையும் விடத் தேர்வுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. வசந்த காலத்தில் தேர்வு நடக்கும், நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள், பட்டியல் வெளியாகும். ஊரே திரளும் வெள்ளிக்கிழமை இரவு ஆட்டங்களில் பள்ளியின் முகமாக நிற்கப் போகிறவர் யார் என்பதை அந்தப் பட்டியல் சொல்லிவிடுகிறது. பதின்வயதுப் பெண்ணுக்கு அதைவிடக் கூர்மையான தீர்ப்பு வேறென்ன இருக்க முடியும்?

இதற்காக ஓர் ஊரின் ஆட்சியே மாறிய வரலாறு இந்த டெக்சஸில் உண்டு. தெற்கே கிரிஸ்டல் சிட்டி என்ற சிறு நகரம், கீரை விளைச்சலுக்குப் பெயர் போனது. கார்ட்டூன் பாப்பாய்க்குச் சிலைகூட வைத்திருக்கிறார்கள். 1969இல் அங்குள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் மிகப் பெரும்பாலானோர் மெக்சிக்க வம்சாவளியினர். ஆனால் நான்கு பேர் கொண்ட சியர்லீடர் குழுவில் மூன்று இடம் வெள்ளைப் பெண்களுக்கு, ஒன்று மட்டும் மற்றவர்களுக்கு என்பது எழுதாத சட்டம், தேர்ந்தெடுப்பவர்கள் ஆசிரியர்கள். இடம் காலியானபோது தகுதியுள்ள இன்னொரு மெக்சிக்கப் பெண் முன்வந்தும், "உங்கள் பங்கு நிரம்பிவிட்டது" என்ற கணக்கில் அவளை ஒதுக்கிவிட்டார்கள். பள்ளி விழாவின் அரசியாகத் தேர்வாக வேண்டுமானால் தாயோ தந்தையோ அதே பள்ளியில் படித்து முடித்திருக்க வேண்டும் என்றொரு விதியும் வந்தது. கீரைத் தோட்டங்களில் கூலி வேலை செய்த எத்தனை பெற்றோர் பள்ளியை முடித்திருப்பார்கள்? செவரீட்டா லாரா என்ற மாணவியும் தோழர்களும் டிசம்பரில் வகுப்புகளை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் சிலர் வாஷிங்டன் வரை போய்ச் செனட்டர்களைப் பார்த்தார்கள். சியர்லீடர்களை மாணவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் தொடங்கிய கோரிக்கை, இருமொழிக் கல்வி, தங்கள் வரலாற்றுக்குப் பாடத்தில் இடம் என்று விரிந்து, 1970 ஜனவரியில் பள்ளி வாரியத்தை இறங்கிவரச் செய்தது. அந்தச் சூட்டிலேயே உருவான, மெக்சிக்க வம்சாவளியினரின் லா ராசா உனிதா கட்சி ஏப்ரல் தேர்தலில் பள்ளி வாரியத்தைக் கைப்பற்றியது. குஞ்சம் ஆட்டும் இடம்தானே என்று அந்தப் பிள்ளைகள் விட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்குமா, சொல்.

அண்மைக் காலத்திலும் பென்சில்வேனியாவில் மூத்த அணியில் இடம் கிடைக்காத பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி, விடுமுறை நாளில் பள்ளிக்கு வெளியே இருந்து ஸ்னாப்சாட்டில் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டித் தீர்த்தாள்; பள்ளி அவளை இளையோர் அணியிலிருந்து ஓராண்டு நீக்கியது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவள் பக்கம் தீர்ப்பாயிற்று. அவள் பேசியதை நான் ஆதரிக்கவில்லை. பெயர் விடுபட்ட வலி எப்படிப்பட்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

சென்ற வாரம் பயிற்சியைப் பார்க்கப் போயிருந்தேன். நீ ஆண்டு விழாவுக்குக் கட்டிய மனிதப் பிரமிடை நினைத்துக்கொள், ஆனால் இங்கே உச்சியில் இருப்பவள் அசையாமல் நிற்பதோடு விடுவதில்லை. இரண்டு பெண்கள் எதிரெதிராக நின்று அவளுடைய பாதத்தின் குதியையும் விரல் பக்கத்தையும் தாங்குகிறார்கள். பின்னால் நிற்கும் ஒருத்தி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு எட்டு எட்டாக எண்ணுகிறாள். ஏழில் மூவரும் முழங்காலை மடக்கி, எட்டில் நிமிர்ந்தால், மேலே போகிறவள் உடம்பை விறைப்பாக்கித் தன் எடையைத் தானே மேலிழுத்துக்கொள்ள வேண்டும். கீழே குனிந்து பார்த்தால் சரிந்துவிடுவாள். அவ்வளவுக்கும் இடையே சிரித்த முகம் வேண்டுமாம். நம் பேத்தி கீழே தாங்குகிறவள். மேலே ஏற்றவில்லையே என்று முதலில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்; இப்போது முன்கையிலுள்ள கன்றிய தழும்புகளைப் பதக்கம் போலக் காட்டித் திரிகிறாள்.

எனக்குள்ள மனக்குறை வேறு. இத்தனை உழைப்பையும் விளையாட்டு என்று ஒப்புக்கொள்ள இங்குள்ளவர்களுக்கே தயக்கம். கனெக்டிகட்டில் குவினிபியாக் பல்கலைக்கழகம் பெண்கள் கைப்பந்து அணியைக் கலைத்துவிட்டு, பெண்களுக்கும் சமமான விளையாட்டு வாய்ப்பு தர வேண்டும் என்ற சட்டத்துக்குப் போட்டிச் சியர்லீடிங்கைக் கணக்குக் காட்டப் பார்த்தது. கைப்பந்துப் பெண்கள் வழக்குத் தொடுக்க, இது இன்னும் முறையான விளையாட்டாக வளரவில்லை என்று 2010இல் கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். அந்தப் பெண்களுக்கு அது நியாயம்தான். ஆனால் இதற்கு விளையாட்டு என்ற தகுதி தராத பள்ளிகளில் தேர்ந்த பயிற்சியாளரோ, தரமான மெத்தை விரிப்போ, காயம் பார்க்க ஆளோ கட்டாயம் இல்லை என்றாகிவிடுகிறது. உயரத்திலிருந்து விழும் பிள்ளைக்குத் தலையில் அடிபடும் ஆபத்தை எண்ணித்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இல் இதை விளையாட்டாகவே கருத வேண்டும் என்று பரிந்துரைத்தது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2021இல் இதற்கு முழு அங்கீகாரம் தந்துவிட்டது. இருந்தும், ஆட்டம் முடிந்ததும் பையன்களின் புள்ளிகளைப் பேசுகிறவர்கள், இந்தப் பெண்களிடம் "அழகாக இருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

உன்னிடம் ஓர் உதவி. எடை தாங்கித் தாங்கி அவளுக்கு மணிக்கட்டில் வலி இருக்கிறது. மருத்துவர் பார்த்துவிட்டு எலும்பில் குறையொன்றும் இல்லை, தசையை வலுப்படுத்தினால் போதும் என்றார். உன் கபடிப் பெண்களுக்கு நீ சொல்லிக்கொடுத்த மணிக்கட்டுப் பயிற்சிகளை வரிசையாக எழுதி அனுப்பு. வாட்ஸ்அப்பில் செய்து காட்டினால் இன்னும் நல்லது. விழும்போது கையை ஊன்றாமல் உருளக் கற்றுக்கொடுப்பாயே, அதையும் சேர்த்துக்கொள். அடுத்த மாதம் போட்டி வருகிறது, அதற்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
மீனாட்சி