ரவுண்டானாவுக்கு முன்பே தடத்தை முடிவு செய்துகொள்

சேலம்

அன்புள்ள மகளுக்கு,

சென்ற வாரம் போனில் நீ சொன்னதைக் கேட்டதிலிருந்தே இதை எழுத வேண்டும் என்றிருந்தேன். வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போகும் வழியில் ரவுண்டானாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன என்றும், எந்தப் பக்கம் போவதானாலும் இடதுபக்கத் தடத்திலேயே நுழைந்து அதிலேயே சுற்றி வெளியேறுவதுதான் உனக்குத் தைரியமாக இருக்கிறது என்றும், ஆனாலும் பக்கத்தில் வருகிறவர்கள் ஏன் ஹாரன் அடிக்கிறார்கள் என்று புரியவில்லை என்றும் சொன்னாய். போனில் விளக்க ஆரம்பித்தால் பாதியிலேயே உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடும். டிரைவிங் ஸ்கூலில் ஊரார் பிள்ளைகளுக்கு நாள்தோறும் சொல்லிக்கொடுக்கிற நான், என் பிள்ளைக்கு இதைப் பொறுமையாக எழுதத்தான் வேண்டும், கண்ணு.

நீ ஓரமாகவே போவதன் காரணம் எனக்குத் தெரியும். நம் ஊரில் ஐந்து ரோட்டிலும் கொண்டலாம்பட்டி ரவுண்டானாவிலும் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஒருபக்கம் டவுன் பஸ், மறுபக்கம் சரக்கு லாரி, நடுவில் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி, கிடைத்த சந்துகளில் எல்லாம் மொபெட்டுகள் என்று வரும் இடத்தில் தரையில் போட்ட கோட்டை யாரும் பார்ப்பதில்லை. இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர்கிறவருக்கே ஆபத்து குறைவு. வேகம் குறைவாக இருப்பதாலும், ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தே வழிவிடுவதாலும் இங்கே அது நடக்கிறது. இங்கிலாந்தில், நீ இருக்கும் மில்டன் கீன்ஸில் வருகிறவர்கள் உன் முகத்தைப் பார்ப்பதில்லை. நீ எந்தத் தடத்தில் இருக்கிறாய், எந்த இண்டிகேட்டரைப் போட்டிருக்கிறாய் என்ற இரண்டை மட்டும் பார்த்து, நீ எங்கே போவாய் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

வட்டத்தின் அமைப்பைச் சற்று யோசித்துப் பார். அங்கும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால் வண்டிகள் கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுகின்றன. வெளியேறும் சாலைகள் எல்லாமே ஓட்டுகிறவரின் இடக்கைப் பக்கம் வருகின்றன. ஆகவே உள்தடத்தில் இருக்கிறவர் எப்போது வெளியேறினாலும் வெளித்தடத்தைக் கடந்துதான் ஆகவேண்டும். வெளித்தடத்தில் இருப்பவர் அந்தச் சாலையிலேயே இறங்கிவிடுவார் என்று எண்ணித்தான் அவர் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்கிறார். நீ அங்கே இறங்காமல் வலப்பக்கச் சாலைக்காக ஓரத்திலேயே சுற்றிக்கொண்டு போனால், அவர் காரின் இடது முன்மூலையும் உன் காரின் வலது கதவும் ஒரே இடத்தைத் தேடி வருகின்றன. இது ஒரு ஆபத்து. அடுத்த நுழைவாயிலில் காத்திருப்பவரால் வருவது இன்னொன்று: வெளித்தடத்தில் வரும் உன்னைப் பார்த்து, நீ தனக்கு முன்னால் உள்ள சாலையில் இறங்கப் போகிறாய் என்று நினைத்து அவர் காரை உள்ளே எடுத்துவிடுவார். ஹாரன் அடித்தவர்களில் பாதிப்பேர் இந்த இரண்டு இடங்களில் நின்றவர்களாகத்தான் இருப்பார்கள்.

எந்தத் தடம் என்பதற்கு அந்த நாட்டுச் சாலை விதிநூலில் தெளிவான முறை இருக்கிறது. முதல் சாலையில் இடப்பக்கம் திரும்புவதானால் இடது இண்டிகேட்டரைப் போட்டு இடது தடத்தில் வந்து, வெளியேறும் வரை அப்படியே இருக்க வேண்டும். வலப்பக்கம் போவதானாலோ முழுதும் சுற்றி, வந்த சாலைக்கே திரும்புவதானாலோ வலது இண்டிகேட்டரைப் போட்டு வலது தடத்தில் நுழைந்து, வட்டத்தின் உள்பக்கத்தை ஒட்டியே சுற்றி, உனக்கு வேண்டிய சாலைக்கு முந்தைய சாலையைத் தாண்டியதும் இடது இண்டிகேட்டருக்கு மாறி, கண்ணாடியையும் இடத் தோளையும் பார்த்து வெளியேற வேண்டும். நேராகப் போவதானால் நுழையும்போது இண்டிகேட்டர் எதுவும் வேண்டாம். அம்புக்குறிகள் வேறாகச் சொல்லாதவரை இடது தடமே பொருத்தமானது. இங்கும் முந்தைய சாலையைத் தாண்டியதும் இடது இண்டிகேட்டரைப் போட்டாக வேண்டும். இந்தக் கடைசி இண்டிகேட்டரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் அடுத்த வாயிலில் நிற்பவருக்கு நீ இறங்குகிறாயா சுற்றுகிறாயா என்று தெரிய வழியில்லை.

அங்குள்ள பயிற்சியாளர்கள் பழகுநர்களுக்குக் கடிகாரக் கணக்கு ஒன்றைச் சொல்வார்கள். நீ நுழையும் இடம் 6 மணி. உனக்கு வேண்டிய சாலை 12 மணிக்குள் இருந்தால் இடது தடம், 12 மணியைத் தாண்டியிருந்தால் வலது தடம். புதிய இடத்தில் இது கைகொடுக்கும். ஆனாலும் தரையில் வரைந்த அம்புக்குறியும் முன்னால் வரும் பலகையும் வேறு சொன்னால் கடிகாரத்தை விட்டுவிடு. போன் வழிகாட்டியின் குரல் 'மூன்றாவது வெளிவழி' என்று சொல்வதை மட்டும் வைத்துத் தடத்தை எடுக்காதே. ஐந்து சாலைகள் கூடும் இடத்தில் மூன்றாவது சாலை நேர் எதிரிலேயே இருக்கலாம். 1967-இல் புதுநகரமாக அறிவிக்கப்பட்டுக் கட்டப்பட்ட உன் ஊரில், குறுக்குச் சாலைகளுக்கு ஹெச் என்றும் நெடுக்குச் சாலைகளுக்கு வி என்றும் எழுத்தும் எண்ணும் கொடுத்திருக்கிறார்களே, அது உனக்குப் பெரிய உதவி. எந்த ஹெச் சாலையிலிருந்து எந்த வி சாலைக்குத் திரும்ப வேண்டும் என்பதைப் புறப்படும் முன்பே தெரிந்துகொண்டால், பலகையில் அந்த எண்ணைத் தேடினால் போதும்.

இதில் நான் மிக முக்கியமாக நினைப்பது முடிவெடுக்கும் இடத்தைத்தான். அந்தச் சாலைகளில் மணிக்கு 60 மைல், நடுவில் தடுப்பு உள்ள இரட்டைச் சாலையானால் 70 மைல் வரை போக அனுமதி உண்டு என்கிறாய்; அந்த வேகத்தில் வந்து ரவுண்டானா வாயிலின் வெள்ளைக் கோட்டருகே தடம் மாற நினைத்தால் பின்னால் வருபவருக்கு ஒதுங்க நேரமே இருக்காது. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் நீ கார் ஏற்றி இறக்கியிருக்கிறாய். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, எந்த இடத்தில் போவது என்று முடிவு செய்த பிறகுதானே ஸ்டியரிங்கைத் திருப்புவாய்? ரவுண்டானாவிலும் அந்த ஒழுங்கையே பின்பற்று. முதல் பலகை கண்ணில் பட்டதும் கண்ணாடி, பிறகு இண்டிகேட்டர், பிறகு தடம், பிறகு வேகத்தைக் குறைப்பது. கோட்டை நெருங்கும்போது உன் கவனம் முழுவதும் வலப்பக்கத்து வண்டிகளில் இருக்க வேண்டும். வலப்புறமிருந்து வருகிறவருக்கு வழிவிடுவது நமக்குப் புதிதன்று; போலீஸோ சிக்னலோ இல்லாத, பிரதான சாலை என்று குறிக்கப்படாத சந்திப்புகளுக்கு நம் 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளும் அதையே சொல்லின. பிரிட்டனில் ரவுண்டானாக்களுக்கு அது 1966 நவம்பரில் விதியானது. அதற்கு முன் உள்ளே வருகிறவரும் சுற்றுகிறவரும் ஒருவரையொருவர் மறித்துக்கொண்டு வட்டம் முழுவதும் இறுகி நின்றுவிடுவதுண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் தவறான தடத்தில் மாட்டிக்கொள்வாய், எல்லோருக்கும் நடக்கும். அப்போது வட்டத்துக்குள் குறுக்கே பாயாதே, நின்றும் விடாதே. இடது தடத்தில் இருந்தால் அந்தத் தடம் எந்தச் சாலைக்கு அழைத்துப் போகிறதோ அதிலேயே போய், முன்னால் பாதுகாப்பான இடத்தில் திரும்பி வா. வலது தடத்தில் இருந்து வெளியேற இடம் கிடைக்காவிட்டால் இன்னொரு சுற்றுச் சுற்று. மருத்துவமனைக்குச் சில நிமிடங்கள் தாமதமாகப் போனால் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு அங்கே குடியேறியவர்கள் ஓராண்டு வரைதான் ஓட்ட முடியும் என்பதால் நீயும் விரைவில் அவர்களுடைய தேர்வுக்குப் போவாய். அந்தத் தேர்விலேயே, சொன்ன வழியை விட்டு வேறு சாலையில் போய்விட்டால், அதைப் பத்திரமாகச் செய்திருக்கும்வரை குற்றமாக எழுதுவதில்லை. வழி தவறியதைச் சரிசெய்யக் கடைசி நொடியில் ஸ்டியரிங்கை ஒடிப்பதைத்தான் குற்றம் என்பார்கள்.

நீண்ட லாரி முன்னால் போனால் அதன் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நுழையாதே. அதன் பின்சக்கரங்கள் உள்பக்கமாக வெட்டி வரும் என்பதால் ஓட்டுநர் இரண்டு தடங்களையும் அடைத்துக்கொண்டுதான் திருப்ப முடியும். நம் சரக்கு லாரிகளைப் பார்த்து வளர்ந்த உனக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சைக்கிளில் வருகிறவர் வலப்பக்கம் போவதானாலும் இடது தடத்திலேயே சுற்ற விதியில் இடம் உண்டு. அவர் இறங்கிவிடுவார் என்று எண்ணி முன்னால் வெட்டிவிடாதே. தரையில் வெள்ளை வட்டம் மட்டும் வரைந்த சின்ன ரவுண்டானாக்களில் அந்த வட்டத்தின் மேல் ஏறாமல் அதைச் சுற்றியே போக வேண்டும்.

இந்த வாரம் உனக்கு விடுமுறை கிடைக்கும் நாளில் ஒரு வேலை செய். கூகுள் மேப்பின் செயற்கைக்கோள் படத்தில் உன் வழியில் உள்ள ரவுண்டானாக்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால் தரையில் வரைந்த அம்புகள் பெரும்பாலும் தெரியும். எங்கே எந்தத் தடம் என்று ஒரு தாளில் வரைந்துகொள். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில், சாலையில் கூட்டம் சேரும் முன், மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே வழியில் ஓட்டிப் பார்த்து, படத்தில் கண்டதும் தரையில் உள்ளதும் ஒன்றா என்று சரிபார். வரைந்த தாளைப் படமெடுத்து எனக்கும் அனுப்பு. நீ குறித்திருக்கும் தடங்களை நான் ஒருமுறை பார்த்துவிட்டு இரவு போனில் பேசுகிறேன்.

அன்புடன்,
அம்மா