கிளிநொச்சிப் புத்தகக்கடை வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர் ஐயா அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் நான் வாசித்த அறிக்கை நீண்டுவிட்டது என்று மூன்று பேர் நேரிலும், மற்றவர்கள் பின்வரிசையில் தேநீர்க் கோப்பையோடும் சொன்னார்கள். ஆகவே கூட்டக் குறிப்புகளையும் புதுவரவுப் பட்டியலையும் இம்முறை வாசிக்கப்போவதில்லை. இரண்டும் கடையின் வாசல் மேசையில் இருக்கின்றன. கணக்கைப் பொருளாளர் சொல்வார். ஓகஸ்ட் மாதத்தில் எங்களுக்கு நேர்ந்த வெட்கக்கேட்டை மட்டும் சற்று விரித்தே சொல்லவேண்டியிருக்கிறது. இந்த ஆண்டு நாங்கள் செய்தவற்றில் உருப்படியானவை எல்லாம் அதற்குப் பிறகு செய்தவை.

எட்டு எழுத்தாளர் சந்திப்புகளுக்குத் திட்டமிட்டோம், ஆறு நடந்தன. தை மாதச் சந்திப்புக்கு எழுத்தாளர் வந்தார், ஒலிவாங்கி வந்தது, வடை வந்தது, ஆட்கள்தான் வரவில்லை. காலபோக நெல் அருவிவெட்டு நேரத்தில் கிளிநொச்சியில் இலக்கியக் கூட்டம் வைத்தது நிர்வாக சபையின் பிழை. வெட்டு இயந்திரம் தங்கள் வயலுக்கு எப்போது இறங்கும் என்று வரம்பில் நிற்பவர்களிடம் போய்ச் சிறுகதை பேச வாருங்கள் என்று அழைப்பிதழ் நீட்டியிருக்கிறோம். அந்த எழுத்தாளர் கோபிக்கவில்லை. இருந்த ஏழு பேருக்கும் இரண்டு கதைகளை வாசித்துக் காட்டி, இரண்டு வடையும் சாப்பிட்டுவிட்டு யாழ்ப்பாணம் பஸ்ஸில் ஏறினார். அதை நடந்த கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. நவம்பர் கடைசி வாரத்துச் சந்திப்பை மழை கொண்டுபோனது. உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்திய மழை அது, நாங்கள் எம்மாத்திரம். அன்றிரவு கடைக்குள் தண்ணீர் ஏறுமுன் கீழ்த்தட்டுப் புத்தகங்களை மேசைகளின் மேல் ஏற்றிவைத்த நான்கு இளைஞர்களுக்கும் சபை நன்றி சொல்லவேண்டும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலை ஒட்டி எழுத்தாளர் சந்திப்பு எதையும் வைக்கவில்லை. அந்த அளவுக்கு எங்களுக்கு முன்பே புத்தி இருந்தது.

இனி ஓகஸ்ட் மாதச் சந்திப்பு. வவுனிக்குளத்தின் கீழ் பிறந்து வளர்ந்து, இப்போது ஐரோப்பாவில் வாழும் எழுத்தாளர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். சென்னையில் அச்சான அவருடைய நாவல் இரண்டு பெட்டிகளில் எங்கள் கடைக்கு வந்திறங்கியது. நம்மூர் வழக்கப்படி விழா ஒழுங்கானது: மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள், நயப்புரை இரண்டு, ஏற்புரை, நன்றியுரை. கேள்விக்கும் நேரம் ஒதுக்கவேண்டும் என்று உபசெயலாளர் சொன்னார். அழைப்பிதழில் இடம் போதாமல் அது "கலந்துரையாடல்" என்று நன்றியுரைக்குக் கீழே சிறிய எழுத்தில் போனது. பிரமுகர்கள் மேடையேறி, பண உறையைக் கொடுத்து, பிரதியை வாங்கி, படப்பிடிப்பாளர் பக்கம் திரும்பி நிற்பதிலேயே முக்கால் மணி நேரம் கழிந்தது. பரந்தன் - முல்லைத்தீவு வீதியால் போகவேண்டியவர்கள் கடைசி பஸ்ஸை நினைத்து மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் விசுவமடுவிலிருந்து வருகிற அங்கத்தவர் ஒருவர் எழுந்தார். தையல் வேலை செய்பவர். இரண்டு கிழமைக்கு முன்னரே கடையில் பிரதி வாங்கி வாசித்து முடித்திருந்தார். "128ஆம் பக்கத்தில் அம்மா கிணற்றடியில் நிற்கிறார். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் மறுபடியும் 113 வருகிறது. அது முடிந்ததும் 145. இது ஓர் உத்தியா ஐயா, அல்லது என் புத்தகத்தில் மட்டும் வந்த பிழையா?" என்று மிகப் பணிவாகக் கேட்டார்.

மண்டபத்தில் தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. எல்லாப் பிரதிகளும் அப்படியே இருந்தன. அச்சகத்தில் பதினாறு பக்கங்களை ஒரு மடிப்பாக அடித்து, மடிப்புகளை வரிசையாக அடுக்கிக் கட்டுகிறார்கள். எட்டாவது மடிப்பு இரண்டு தடவை ஏறிவிட்டது. ஒன்பதாவது மடிப்பு ஏறவே இல்லை. அச்சகத்தின் பிழைதான். ஆனால் அன்று மேடையில் அந்த நாவலை ஏழு பேர் புகழ்ந்திருந்தோம். ஏழு பேரில் ஒருவர் கண்ணிலும் இது படவில்லை. நயப்புரை செய்த இருவரில் ஒருவன் நான். முதல் எண்பது பக்கங்களையும் கடைசி இருபது பக்கங்களையும் வாசித்துவிட்டு, "நடுப்பகுதியில் கதையோட்டம் மிக நுணுக்கமானது" என்று சொல்லியிருந்தேன். குறிப்பேட்டில் அப்படியே பதிவாகியிருக்கிறது. உபசெயலாளர் அடித்துவிட மறுக்கிறார்.

எழுத்தாளர் ஒரு பிரதியை வாங்கி, பக்கங்களை மெல்லத் தள்ளிப் பார்த்தார். முகம் கறுத்தது. பிறகு சிரித்தார். ஒலிவாங்கியை ஒதுக்கிவைத்துவிட்டு, கதிரையை எங்கள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, விடுபட்ட பதினாறு பக்கங்களையும் வாய்மொழியாகச் சொல்லத் தொடங்கினார். குளம் வான் பாய்ந்து பாலியாறு பெருகிய இரவில், கன்று ஈனும் நிலையில் இருந்த பசுவைத் தேடிப் போகிற பகுதி அது. இடையில் துணுக்காயிலிருந்து வந்த முதியவர் ஒருவர், அந்த மழையில் மணியோசை அவ்வளவு தூரம் கேட்காது, மாட்டின் மணம்தான் முதலில் வரும் என்று திருத்தினார். எழுத்தாளர் அதை எழுதிக்கொண்டார். அரை மணி நேரம் ஒருவரும் எழும்பவில்லை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்களைப் போசகர் ஐயாவின் வாகனம் புதுக்குடியிருப்பு வரை கொண்டுபோய் விட்டது. இந்த வட்டம் தொடங்கிய பின் நடந்த மிக நல்ல சந்திப்பு எது என்று என்னைக் கேட்டால், அந்த அரை மணி நேரத்தைத்தான் சொல்வேன். அதற்கு முந்திய இரண்டரை மணி நேரத்தை அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

செப்டெம்பர் நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பற்றி மூன்று மணி நேரம் வாதாடினோம். இலக்கியத்துக்கென்று ஒதுக்கிய சாகித்திய மாதத்தில் இப்படி ஒரு சண்டை பொருத்தமானதுதான். முடிவு சுருக்கமானது. நூல் ஒரு மாதத்துக்கு முன்னரே கடையில் விற்பனைக்கு இருக்கவேண்டும். எழுத்தாளரைத் தவிர ஒருவரே பேசுவார். அவர் நூலை முழுமையாக வாசித்த அங்கத்தவராக இருக்கவேண்டும். பதவியோ பட்டமோ தேவையில்லை. மிகுதி நேரம் கேள்விகளுக்கு. பொன்னாடை இல்லை. அழைப்பிதழில் பெயர் வராத பெரியவர்கள் சிலருக்கு மனவருத்தம் இருக்கிறது என்பதை அறிவோம். அவர்களும் நூலை வாசித்துவிட்டு வரலாம்.

உறை பற்றிய தீர்மானந்தான் கடினமாக இருந்தது. வெளியீட்டு விழாவில் விலை சொல்லாமல் உறையில் பணம் வைத்துப் பிரதி வாங்குவது நம்மிடையே வேரூன்றிய வழக்கம். கைக்காசில் முந்நூறு, ஐந்நூறு பிரதிகள் அடித்துவிட்டு நிற்கும் எழுத்தாளருக்கு அச்சுக்கூலி திரும்புவது பெரும்பாலும் அந்த உறைகளால்தான். இதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால், "ஆயிரம் ரூபாவாவது உறையில் வைக்காமல் எப்படி வருவது என்று நினைத்தே பல விழாக்களுக்கு நான் வரவில்லை" என்று அங்கத்தவர் ஒருவர் சொன்னபோது, வாதம் அங்கேயே நின்றுவிட்டது. இப்போது அட்டையில் உள்ள விலைக்கே விற்கிறோம். மூன்றில் ஒரு பங்கு கடைக்கு, மிகுதி எழுத்தாளருக்கு. இந்த ஒழுங்கில் முதலில் வந்த எழுத்தாளருக்குக் கிடைத்த தொகை அவர் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. அவர் மகிழ்ச்சியோடு போகவில்லை. விற்ற பிரதிகளோ வழக்கத்தைவிடக் கூட. இதைச் சரிக்கட்ட என்ன செய்யலாம் என்பதற்கு என்னிடம் இன்னும் விடையில்லை. அங்கத்தவர்கள் இன்று யோசனை சொல்லலாம்.

ஒக்டோபரில் முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்து வந்த கவிஞர் ஒருவரின் தொகுப்பைப் பற்றிப் பூநகரி மாணவி ஒருவர் ஒன்பது நிமிடம் பேசினார். பிடித்த கவிதைகளைச் சொன்னார். பிடிக்காத இரண்டையும் காரணத்தோடு சொன்னார். கவிஞரின் முகம் சற்று வாடியது. தேநீர் நேரத்தில் பார்த்தால் இருவரும் ஒரே புத்தகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு வரிகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

புதுவரவுகள் பற்றி. கடையின் வாடகையைக் கட்டுவது கடந்தகால வினாத்தாள்களும் பஞ்சாங்கமும்தான் என்பதைக் கடைக்காரர் ஒளிப்பதில்லை. இலக்கியம் அவற்றின் நிழலில் இருக்கிறது. சென்னைப் புத்தகக் காட்சி தை மாதத்தில் முடிந்த பிறகு பெட்டிகள் கப்பலில் வந்து சேரப் பங்குனி ஆகிறது. அங்கே 300 ரூபா விலையுள்ள நாவல், நாணய மாற்றும் கூலியும் சேர்ந்து இங்கே 1,200 ரூபாவைத் தாண்டுகிறது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியதும், கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போனதும் உங்களுக்கு மறந்திராது. அன்று ஏறிய அச்சு விலை திரும்பி இறங்கவில்லை. அதனால்தான் சுழற்சி அலுமாரியைத் தொடங்கினோம். ஒவ்வொரு புதுவரவிலும் ஒரு பிரதிக்கு உறை போட்டு, அங்கத்தவருக்கு இரண்டு கிழமை இரவல் கொடுக்கிறோம். புத்தகங்கள் திரும்பி வருகின்றன. மஞ்சள் தூளும் வெற்றிலைச் சுண்ணாம்பும் சேர்ந்து வருகின்றன. பரவாயில்லை. மை அடிக்கோடு மட்டும் வேண்டாம். கொலைகாரன் யார் என்பதை முதல் அத்தியாயத்திலேயே அடிக்கோடிட்டு வைத்த அங்கத்தவர் தன்னைத் தானே அறிவார்.

உள்ளூரில் எழுதுபவர்களுக்கு ஒரு சொல். இந்த ஆண்டு வன்னி எழுத்தாளர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த நூல்களில் சிலவற்றுக்குச் சர்வதேச நூல் எண் (ISBN) இல்லை. கொழும்பிலுள்ள தேசிய நூலகத்தில் விண்ணப்பித்தால் அந்த எண் கிடைக்கும். இலங்கை நூல்களுக்கு 978-955 என்றோ 978-624 என்றோ தொடங்கும். அச்சுக்குப் போகுமுன் விண்ணப்பிக்கவேண்டும். அச்சடித்த பின் பின்னட்டையில் ஒட்டுத்தாள் ஒட்டுவது, கலியாணம் முடிந்த பிறகு நாள் பார்ப்பது போன்றது.

அறிவியல்நகர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் தென்பகுதி மாணவர்கள் மூவர் ஒருநாள் கடைக்கு வந்து, தமிழ்க் கதைகள் சிங்களத்தில் இருக்கின்றனவா என்று கேட்டார்கள். அலுமாரியில் ஒன்றுகூட இல்லை. செப்டெம்பரில் கொழும்புப் புத்தகக் கண்காட்சிக்குப் போன கடைக்காரர் நான்கு நூல்களை வாங்கி வந்தார். மூன்று விற்றுவிட்டன.

வன்னியைப் பற்றிய நூல் ஏதும் இருக்கிறதா என்பதே வெளியூரவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. வைகாசியில் வெளியாரை அழைக்காமல் எங்களுக்குள்ளேயே "நிலக்கிளி"யை எடுத்துக்கொண்டோம். தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு அ. பாலமனோகரன் எழுதி, 1973இல் வீரகேசரி வெளியிட்ட நாவல். கடையில் விற்பனைக்குப் பிரதி இல்லாததால், நூலகம் இணையத்தளத்தில் உள்ள பிரதியைக் கைபேசியில் பெரிதாக்கி வாசித்தோம். கண்ணாடி போட்டவர்கள் பட்ட பாட்டை வைத்து இன்னொரு நாவல் எழுதலாம். ஓய்வுபெற்ற நில அளவையாளரான எமது அங்கத்தவர் அன்று ஊர்ப்பெயர்களில் இறங்கிவிட்டார். குளம், மடு, முறிப்பு என்று முடிகிற பெயர்களை அடுக்கி, அணை முறிந்த இடமே முறிப்பு என்றார். அடுத்த கிழமை ஜே. பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி வெளியிட்ட ஆங்கிலக் கையேட்டின் மறுபதிப்பைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்தார். அது விற்பனைக்கல்ல. கடைக்குள் இருந்து வாசிக்கலாம். கதிரை ஒன்று அதற்கென்றே போடப்பட்டிருக்கிறது.

புரட்டாதியில் எமது மூத்த அங்கத்தவர் ஒருவர் காலமானார். அன்னாருக்கு இச்சபை தன் அஞ்சலியைப் பதிவு செய்கிறது. அவருடைய மகள் மூன்று பெட்டிகளைக் கடையில் ஒப்படைத்தார். திறந்தால், நாங்கள் எதிர்பார்த்த நாவல்கள் இல்லை. பெரும்பாலும் கல்வெட்டுகள், முப்பத்தோராம் நாளில் கொடுக்கிற நினைவு மலர்கள். 2009இல் வீட்டிலிருந்த புத்தகங்கள் அனைத்தையும் விட்டுவிட்டுப் போனவர் அவர். திரும்பி வந்த பிறகு போகிற அந்தியேட்டி வீடுகளிலெல்லாம் ஒன்று கேட்டு வாங்கிச் சேர்த்திருக்கிறார். யார் யாருடைய பிள்ளை, எந்த ஊரிலிருந்து எந்தக் குடியேற்றத்துக்கு வந்தவர்கள் என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. ஊர் வாரியாகப் பிரித்துவிட்டோம். மின்வருடலுக்கு அனுப்பக் குடும்பத்தினர் சம்மதித்திருக்கிறார்கள். பிரிக்கும் வேலைக்கு ஞாயிறு காலைகளில் இன்னும் இரண்டு பேர் தேவை. தூசு ஒத்துவராதவர்கள் தயவுசெய்து கை உயர்த்தவேண்டாம்.

சந்தா பாக்கி உள்ளவர்களின் பெயர்களை வாசிப்பதில்லை என்று தலைவர் கேட்டுக்கொண்டார். வாசிக்கவில்லை. மண்டபம் தந்தவர்களுக்கும், ஒவ்வொரு சந்திப்புக்கும் தேநீர் தந்த கரடிப்போக்குக் கடைக்காரருக்கும் நன்றி. கீழ்த்தட்டில் மறுபடி கறையான் தலைகாட்டியிருக்கிறது; மருந்து அடிக்கும் செலவுக்குச் சபையின் அனுமதி வேண்டும்.

கடைசியாக, 129 முதல் 144 வரையான பக்கங்களை அச்சகம் தனி மடிப்பாக அடித்து மார்கழியில் அனுப்பிவைத்தது. பிரதி வாங்கியவர்களில் பலர் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். பதினொரு பேருடையவை காசாளர் மேசை லாச்சியில் இன்னும் கிடக்கின்றன. அவற்றில் ஐந்து, அன்று மேடையில் பேசியவர்களுக்குரியவை. என்னுடையதை நேற்று எடுத்துவிட்டேன்.

இங்ஙனம்,
செயலாளர்