ஒட்டிய இடத்தைப் பார்த்துவிட்டுப் பிரி

ஸ்ரீரங்கம்,
19 ஜனவரி 2026

அன்புள்ள முத்தையா,

உன் கடிதம் போகிக்கு முதல் நாள் கைக்கு வந்தது. கவரை வாங்கியதும் பிரிக்காமல் திருப்பிப் பார்த்தேன். ஒட்டிய இடத்தின் குறுக்கே நீ போட்ட கையெழுத்து கோணாமல் இருந்தது. இந்த வயதிலும் அதை விடவில்லையே என்று சிரிப்பு வந்துவிட்டது. "என்ன மாமா, கவரைப் பார்த்துச் சிரிக்கிறீங்க?" என்று மருமகள் கேட்டாள். "நானும் இவனும் முப்பத்தெட்டு வருஷம் ரயில் டப்பாவில் கடிதம் பிரித்தவர்கள் அம்மா" என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஊரார் கடிதத்தை எல்லாம் பிரித்துப் படித்த ஆட்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஊர்வாரியாகப் பிரித்தோம், ஒரு கவரையும் பிரிக்கவில்லை என்று விளக்குவதற்குள் காபி ஆறிவிட்டது.

வீட்டில் எல்லோரும் சுகம். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? அறுவை சிகிச்சை வேண்டாம் என்று நீயாக முடிவு செய்யாதே, அவளைக் கேட்டு முடிவு செய்.

நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வங்கிக்குப் போனேன். அங்கே இருந்த ரேகைக் கருவி என் பத்து விரலையும் ஏற்கவில்லை. "கையைத் துடைச்சிட்டு வைங்க சார்" என்று அந்தப் பெண் நாலு தடவை சொன்னாள். சணலும் அரக்கும் பிடித்துத் தேய்ந்த விரல், துடைத்தால் என்ன வரும்? நான் உயிரோடு இருப்பதாக நான் சொல்கிறேன், விரல் மறுக்கிறது. அப்புறம் யாரோ சொன்னார்கள், போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து எடுத்துத் தருவார் என்று. 70 ரூபாய். வந்தார், கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தார், கண்ணைச் சிமிட்டச் சொன்னார், முடிந்தது. ஜீவன் பிரமாண் என்ற இந்த டிஜிட்டல் லைஃப் சர்டிபிகேட் 2014-ல் வந்தபோது ரேகையும் கருவிழியும்தான். முகத்தை வைத்துச் செய்வது 2021-ல்தான் வந்தது. படுத்த படுக்கையாய் இருக்கும் கிழவிக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பார். எனக்குத் தொழில்நுட்பத்தின் மேல் பகை என்று நீ எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உன் மச்சானிடம் 'டிஜிட்டல் அரெஸ்ட்', அதாவது வீடியோ அழைப்பிலேயே கைது, என்று மிரட்டிப் பணத்தைக் கறந்துவிட்டார்கள் என்று படித்ததும் மனசு கனத்துப்போனது. உங்கள் பெயரில் பார்சல், உள்ளே போதைப்பொருள் என்றுதானே ஆரம்பித்தான்? நம் தொழிலை வைத்தே நம் ஆட்களை ஏமாற்றுகிறான் பாவி. அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். வீடியோவில் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் மனுஷனுக்கு அதெல்லாம் ஞாபகம் வருமா? சைபர் குற்றப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்தார்களா, புகார் எண் கையில் இருக்கிறதா என்று கேட்டு எழுது.

அந்தக் கோபத்தில்தான் நீ எழுதியிருக்கிறாய்: "நமக்கு ஒளிக்க என்னடா இருக்கு? போலீஸ் எல்லாத்தையும் பார்க்கட்டும், திருடன் மாட்டினால் போதும்." கோபம் நியாயம்தான். ஆனால் உன் மச்சானைக் கெடுத்தவனைப் பிடிக்கப் பணம் போன கணக்கையும் அவன் வைத்திருந்த சிம்மையும் துரத்த வேண்டும். அதற்கு உன் பேத்தி உனக்கு அனுப்பும் குரல் பதிவை எவனும் கேட்க வேண்டிய அவசியமில்லை.

விருத்தாசலம் தாண்டி அந்த ராத்திரி நினைவிருக்கிறதா? ஒரு பையில் அரக்கு முத்திரை உடைந்து வந்தது. நீ அவசரத்தில் கயிற்றை அறுக்கப் போனாய். நம் குழுத் தலைவரான ஹெட் சார்ட்டர் "கை வைக்காதே" என்று போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த மெயில்கார்டு எழுந்துவிட்டான். மூன்று பேரை நிற்க வைத்து, எண்ணி, எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, உடைந்த அரக்கையும் சணலையும் லேபிளையும் தனியே ஒரு காகிதத்தில் மடித்துக் கட்டினார். உள்ளே எல்லாக் கடிதமும் சரியாக இருந்தது. ஒன்றும் காணாமல் போகவில்லை. இருந்தும் தவறுகளைப் பதியும் எர்ரர் புக்கில் ஒரு பக்கம் எழுதினார். "ஒண்ணும் போகலையே சார்" என்று நீ கேட்டதற்கு, "போகலைங்கிறதுக்குத்தான் சாட்சி வேணும்" என்றார்.

நமக்கு இருந்த பயம் என்ன? 1898-ஆம் வருஷத் தபால் சட்டத்தின் 52, 53-ஆம் பிரிவுகள். கடிதத்தைத் திருடினால் ஏழு வருஷம் வரை, கடமைக்கு மாறாகப் பிரித்தால் இரண்டு வருஷம் வரை. பயிற்சியில் மனப்பாடம் செய்ய வைத்தார்களே. முகவரி கிடைக்காத கடிதத்தைப் பிரிக்க ஆர்.எல்.ஓ. என்ற திரும்பி வந்த கடிதங்களின் அலுவலகத்தில் இருந்தவர்கள்கூட ரகசியக் காப்புக்குக் கட்டுப்பட்டவர்கள். அந்தத் தண்டனைப் பிரிவுகளை எல்லாம் 2023-ல், பல சட்டங்களின் தண்டனைகளை நீக்கிய ஜன் விஷ்வாஸ் சட்டம் துடைத்துவிட்டது. அந்த டிசம்பரிலேயே புதுத் தபால் சட்டம் நிறைவேறியது, 2024 ஜூன் 18 முதல் அமலில் இருக்கிறது. அதிலும் அவை திரும்பி வரவில்லை. திருட்டு என்றால் பொதுவான குற்றச் சட்டம் இருக்கிறது, துறை நடவடிக்கையும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பிரித்துப் படித்துவிட்டு ஒட்டி வைத்தால்? திருட்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

போகாமல் நின்றது எது என்று பார். பிரிக்கும் அதிகாரம். பழைய 26-ஆம் பிரிவு 'பொது நெருக்கடி', 'பொதுப் பாதுகாப்பு' என்று சொன்னது. புதிய 9-ஆம் பிரிவில் 'பொது' உதிர்ந்து வெறும் 'நெருக்கடி' ஆகிவிட்டது. போதாததற்கு, வேறு எந்தச் சட்டத்தை மீறினாலும் பிரிக்கலாம் என்றும் சேர்த்திருக்கிறார்கள். அதிகாரி எப்படிப் பிரிக்க வேண்டும், யார் சரிபார்க்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. நம் ஹெட் சார்ட்டர் படித்திருந்தால் எர்ரர் புக்கைக் கொண்டுவரச் சொல்லியிருப்பார்.

1986 ஞாபகம் இருக்கிறதா? கடிதங்களைப் பிரிக்க அதிகாரம் தரும் திருத்த மசோதாவை ராஜீவ் காந்தி அரசு இரு சபைகளிலும் நிறைவேற்றிவிட்டது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு 1987-ல் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்து வந்த நம் ராஜாமடத்துக்காரர் ஆர். வெங்கட்ராமன் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார், அதோடு அது அடங்கியது. தில்லியில் சர்தார்ஜி பூட்டு போட்டுவிட்டார் என்று நாமெல்லாம் ஜங்ஷன் டீக்கடையில் குதித்தோம்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஆளுநர் நம் சட்டசபையின் மசோதாக்களைக் கிடப்பில் போட்டபோது நீயும் நானும் போனில் எத்தனை நாள் திட்டியிருப்போம்? போன ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதலாம் என்றதும் நீ எனக்குத் தேங்காய்ப் பன் வாங்கித் தருவதாகச் சொன்னாய், இன்னும் வரவில்லை. நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் நீதிமன்றம் காலக்கெடு வைக்க முடியாது என்று கருத்துச் சொன்னதும் கொதித்தாய். ஆனால் ஜெயில் சிங் செய்ததும் அதே வேலைதானே? நமக்குப் பிடித்த மசோதாவை முடக்கினால் அநியாயம், பிடிக்காததை முடக்கினால் வீரம். இரண்டு பேர் முடக்கியதையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. உனக்கு முடிந்தால் எழுது.

டிசம்பர் முதல் வாரம் ஒரு கூத்து நடந்ததே. புதிதாக விற்கும் ஒவ்வொரு கைபேசியிலும் 'சஞ்சார் சாத்தி' செயலியைக் கட்டாயம் ஏற்றித்தான் விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டிருந்தது. விஷயம் வெளியே வந்து எதிர்ப்புக் கிளம்பியதும் ஓரிரு நாளில் வாபஸ். தொலைந்த போனை முடக்க நல்ல செயலிதான், என் பேரன் அதை வைத்துத்தான் பஸ்ஸில் போன தன் போனை முடக்கினான். வேண்டியவன் ஏற்றிக்கொள்ளட்டும். என் வீட்டுக் கதவுக்கு நான் பூட்டு வாங்கும்போதே ஒரு சாவியைத் தெருமுனையில் கொடுத்துவிட்டுப் போ என்றால் எப்படி?

வாட்ஸ்அப் விவகாரத்தில்தான் எனக்கு இன்னும் இரண்டு மனசு. 2021 விதிப்படி ஒரு செய்தியை முதலில் அனுப்பியவன் யார் என்று கேட்டால் கம்பெனி சொல்ல வேண்டும். அவர்கள் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 ஏப்ரலில் அவர்கள் வக்கீல், செய்திக்குப் போட்ட ரகசியப் பூட்டை (என்க்ரிப்ஷனை) உடைக்கச் சொன்னால் நாங்கள் கடையைக் கட்டுகிறோம் என்றார். கம்பெனிக்காரன் பேச்சை நான் அப்படியே விழுங்க மாட்டேன், அவனுக்கு அவன் வியாபாரம். ஆனால் சார்ட்டர் கண்ணோடு பார்த்தால் இது மொட்டைக் கடுதாசியை ஒழிக்கிற சட்டம்தான். மொட்டைக் கடுதாசி எத்தனை கல்யாணத்தை நிறுத்தியது, எத்தனை பெண்களை அழவைத்தது என்று எனக்குத் தெரியும். என் சின்ன அக்கா கல்யாணமே தள்ளிப்போனது அப்படித்தான். அதே சமயம், ஓவர்டைம் கணக்கில் மூன்று வருஷம் கைவைத்த அந்த மனுஷனை மாட்டிவிட்டது எது? பெயரில்லாத ஒரு போஸ்ட்கார்டு. எழுதியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. (நீயாக இருந்தால் இப்போதாவது சொல், இரண்டு பேரும் பென்ஷன் வாங்குகிறோம்.) அனுப்புநர் முகவரி இல்லாத கடிதத்தைப் பெட்டியில் போடக் கூடாது என்று அன்றே சட்டம் இருந்திருந்தால் அந்தக் கார்டு வந்திருக்காது. ஒருத்தனைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் எல்லோர் கடிதத்திலும் அடையாளம் போட்டு வைக்க வேண்டும், அதுதான் சிக்கல்.

பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை முத்தையா. குண்டு வைப்பவனின் கடிதத்தைப் பிரிக்கத்தான் வேண்டும். பிரித்தால் தெரிய வேண்டும், அவ்வளவுதான். போன் ஒட்டுக்கேட்பதற்கு 1996-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு எர்ரர் புக் வைத்துவிட்டது: உள்துறைச் செயலர் எழுதித் தர வேண்டும், மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும், காலவரம்பு உண்டு. போன ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இல்லாமல் சாதாரணக் குற்றத்தைத் துப்பறிவதற்காக ஒட்டுக்கேட்டது செல்லாது என்று 2011-ஆம் வருஷத்து உத்தரவு ஒன்றை ரத்து செய்தது. ஒட்டுக்கேட்டதை மறுஆய்வுக் குழு முன் வைக்கவே இல்லையாம். முத்திரை உடைந்த பையைச் சாட்சியில்லாமல் பிரித்த கதைதான்.

உனக்குக் கோபம் வரவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, நீ கவனிக்கவில்லை போல. கண்மாய் தூர்வாரிய கணக்கைக் கேட்டு ஆர்.டி.ஐ. போடுவாயே, அதில் கை வைத்திருக்கிறார்கள். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் போன நவம்பரில்தான் விதிகள் வந்தன. அந்தச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைச் சுருக்கிவிட்டது. பொதுநலன் இருந்தால் தரலாம் என்று முன்பு அந்தப் பிரிவிலேயே இருந்தது. இப்போது 'தனிப்பட்ட தகவல்' என்றாலே மறுக்கலாம். ஒப்பந்தக்காரர் பெயரே தனிப்பட்ட தகவல் என்று உனக்குப் பதில் வந்தால் ஆச்சரியப்படாதே. 8(2) இன்னும் இருக்கிறது, பொதுநலன் என்று அதைக் காட்டி மேல்முறையீடு எழுது. மனுவை எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன். உன் கையெழுத்தை அப்பீல் அதிகாரி படிக்க முடியாது.

இந்த வயதில் நமக்கு எதற்கு என்று சொல்வாய். ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்ட புட்டசாமி ஓய்வுபெற்ற நீதிபதி, 2012-ல் அவருக்கு 86 வயது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அடுத்த வருஷம் ஆதார் வழக்கில் பெரும்பாலும் தோற்றார் என்பது வேறு கதை. 98 வயது வரை இருந்து 2024-ல் போனார். அவர் கணக்குப்படி நாம் இரண்டு பேரும் இன்னும் ப்ரொபேஷனில்தான் இருக்கிறோம்.

இதைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம் என்று போனால், செப்டம்பரோடு அது ஸ்பீடு போஸ்ட்டில் கரைந்துவிட்டதை மறந்தே போயிருக்கிறேன். கவுன்டர் பையனுக்கு நான் பதிவு என்றதும் பெயர்ப் பதிவு செய்ய வந்திருக்கிறேன் என்று நினைப்பு. 5 ரூபாய்க் கவரே போதும் என்று வந்துவிட்டேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். மார்ச்சில் சுரேஷ் மகளுக்குக் காதுகுத்து, திருச்சிக்கு வருகிறாய். வரும்போது கடலை மிட்டாய் வேண்டாம், பல் இல்லை. தேங்காய்ப் பன்னைக் கொண்டுவா.

உன்,
கோபால்

பி.கு.: நானும் குறுக்கே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பசை காயும் முன் போட்டதால் கடைசி எழுத்து இழுத்துக்கொண்டது. அது நான் செய்ததுதான், சந்தேகப்படாதே.